வரிசைகள் பதினாறு, உழைப்பது ஒன்று: நெட்வொர்க் கார்டின் பல வரிசைகளை இயங்குதளம் கையாளும் விதம்

10 கிகாபிட் கார்டு, 16 கோர் (தனித்தனியே வேலை செய்யும் பிராசஸர் அலகுகள்) கொண்ட சர்வர். சுமை பாதியைத் தொடுவதற்குள் பாக்கெட்டுகள் தொலையத் தொடங்குகின்றன. கோர்வாரியாகப் பார்த்தால் ஒன்று மட்டும் நூறு சதவீதத்தில் நிற்கிறது, மற்ற பதினைந்தும் சும்மா இருக்கின்றன. கார்டில் 16 வரிசைகள் உண்டு என்று விவரத்தாளில் அச்சிட்டிருந்தார்களே, அவையெல்லாம் எங்கே போயின?

பெரும்பாலும் எங்கேயும் போகவில்லை. எந்தப் பாக்கெட் எந்த வரிசையில் விழ வேண்டும், எந்த வரிசையை எந்தக் கோர் காலி செய்ய வேண்டும் என்ற ஏற்பாட்டில்தான் கோளாறு. அந்த ஏற்பாட்டில் பாதி கார்டின் வேலை, மீதி இயங்குதளத்தின் வேலை. இரண்டும் ஒத்துப்போகாவிட்டால் வரிசைகளின் எண்ணிக்கை வெறும் அலங்காரம்தான். கீழே வரும் விளக்கத்தில் லினக்ஸே முதன்மையான எடுத்துக்காட்டு. கொள்கை மற்ற இயங்குதளங்களிலும் இதுவேதான்.

வரிசை என்று எதைச் சொல்கிறோம்

கார்டுக்கும் இயங்குதளத்துக்கும் இடையிலான கொடுக்கல் வாங்கல் சர்வரின் நினைவகத்தில் நடக்கிறது. கார்டை இயக்கும் மென்பொருளான டிரைவர் அங்கே ஒரு பட்டியலை ஒதுக்குகிறது. அதன் ஒவ்வொரு பதிவும் ஒரு டிஸ்கிரிப்டர். 'அடுத்து வரும் பாக்கெட்டை இந்த முகவரியில் வை' என்பதே அதில் உள்ள செய்தி. கடைசிப் பதிவு முடிந்ததும் முதல் பதிவுக்கே திரும்புவதால் இதை வளையம் என்றும் சொல்வார்கள். வரிசை, கியூ, ரிங் என்று மூன்று பெயரிலும் குறிப்பிடப்படுவது ஒரே பொருள்தான்.

பாக்கெட் வந்ததும் கார்டு அதை நேரடியாக நினைவகத்தில் எழுதி, பதிவை 'முடிந்தது' என்று குறித்து, இன்டரப்ட் அனுப்பி ஒரு கோரைத் தட்டி எழுப்புகிறது. ஒவ்வொரு பாக்கெட்டுக்கும் இப்படி எழுப்பினால், எழுந்து எழுந்தே கோரின் நேரம் தீர்ந்துவிடும். பாக்கெட்டை வாங்குவதிலேயே முழு நேரமும் கரைந்து, வாங்கியதைப் பயன்பாட்டுக்குக் கொண்டுசேர்க்க நேரமே மிஞ்சாத இந்த நிலையை ஜெஃப்ரி மொகலும் கே. கே. ராமகிருஷ்ணனும் 1996-லேயே விவரித்தார்கள். லினக்ஸில் இதற்கு வந்த தீர்வு நாப்பி. முதல் இன்டரப்ட் வந்ததும் அந்த வளையத்தின் இன்டரப்டை அணைத்துவிட வேண்டும். பிறகு, வளையம் காலியாகும்வரை இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னலே ஒரு சுற்றுக்கு 64 பாக்கெட் வீதம் அள்ளிக்கொள்ளும். காலியானதும் இன்டரப்ட் மீண்டும் உயிர்பெறும்.

இங்கே கவனிக்க வேண்டிய ஒரு நிபந்தனை உண்டு. ஒரு வளையத்தை ஒரு நேரத்தில் ஒரு கோர் மட்டுமே காலி செய்ய முடியும். ஒரே வளையம் உள்ள கார்டு என்றால், சர்வரில் நூறு கோர்கள் இருந்தாலும் பாக்கெட்டை வாங்கும் முதல் கட்ட வேலைக்கு ஒரு கோர்தான்.

ஒரு கோருக்குக் கிடைக்கும் அவகாசம்

ஈதர்நெட்டின் மிகச் சிறிய சட்டகம் 64 பைட். அதன் முன்னால் வரும் 8 பைட் முன்குறியையும், அடுத்த சட்டகத்துக்கு முன் விட வேண்டிய 12 பைட் இடைவெளியையும் சேர்த்தால் கம்பியில் அது பிடிக்கும் இடம் 84 பைட், அதாவது 672 பிட்.

1. 1 கிகாபிட்டில் இத்தகைய பாக்கெட்டுகள் விநாடிக்குச் சுமார் 14.88 லட்சம் வரலாம். ஒன்றுக்குக் கிடைக்கும் நேரம் 672 நானோவிநாடி.
2. 10 கிகாபிட்டில் 1.488 கோடி. அவகாசம் 67.2 நானோவிநாடி. 3 கிகாஹெர்ட்ஸ் கோருக்கு இது சுமார் 200 கடிகாரச் சுழற்சிகள்.
3. 100 கிகாபிட்டில் 6.72 நானோவிநாடி. ஒரு தனிக் கோரைப் பற்றிப் பேசுவதற்கே இடமில்லை.

கோருக்கு அருகிலேயே இருக்கும் சிறிய, வேகமான நினைவகமான கேஷில் இல்லாத ஒரு தரவை முதன்மை நினைவகத்திலிருந்து எடுத்துவரவே நூறு நானோவிநாடியை ஒட்டிச் செலவாகும். 10 கிகாபிட்டில் பாக்கெட்டுக்கு ஒரு முறை கேஷ் தவறினாலே அவகாசம் தீர்ந்துபோகிறது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். 1500 பைட் நிரம்பிய பாக்கெட்டுகள் மட்டுமே வந்தால் 10 கிகாபிட்டில் விநாடிக்குச் சுமார் 8.13 லட்சம்தான், ஒன்றுக்கு 1230 நானோவிநாடி. அடுத்தடுத்து வரும் துண்டுகளைக் கெர்னலே ஒட்டிப் பெரிதாக்கி மேலே அனுப்பும் வசதியும் சேர்ந்தால், பெரிய கோப்பு இறக்கத்தை ஒரு நல்ல கோர் தனியாகவே சமாளித்துவிடும். ஆகவே வரிசைகள் போதுமா என்று கணக்கிடும்போது கிகாபிட்டைப் பார்த்துப் பயனில்லை, விநாடிக்கு எத்தனை பாக்கெட் என்று பார்க்க வேண்டும். டிஎன்எஸ் சர்வர், குரல் அழைப்பு, பயர்வால் ஆகியவை குறைந்த கிகாபிட்டிலேயே திணறுவது இதனால்தான்.

ஆளுக்கு ஒன்றாகப் பங்கு போட்டால் என்ன?

16 வளையம், 16 கோர். முதல் பாக்கெட் முதல் வளையத்துக்கு, அடுத்தது அடுத்ததற்கு என்று சுழற்சி முறையில் போட்டுவிட்டால் சுமை அச்சுப்போல் சமமாகிவிடும். ஆனாலும் யாரும் அப்படிச் செய்வதில்லை.

முதல் காரணம் வரிசைக்கிரமம். ஒரே டிசிபி இணைப்பின் ஐந்தாவது பாக்கெட்டை ஒரு கோரும் ஆறாவதை இன்னொரு கோரும் எடுத்தால், ஆறாவது முந்திக்கொள்ள வாய்ப்புண்டு. பெறுபவரிடமிருந்து ஒரே ஒப்புகை திரும்பத் திரும்ப வந்து, மூன்று நகல்கள் சேர்ந்துவிட்டால் அனுப்புபவர் அதைப் பாக்கெட் தொலைந்ததாகவே எடுத்துக்கொள்வார். தொலையாத பாக்கெட்டை மறுபடி அனுப்பி, வேகத்தையும் குறைத்துக்கொள்வார். கோர்களை அதிகப்படுத்தியதன் பலன் இணைப்பு மெதுவானது!

இரண்டாவது காரணம் கேஷ். ஓர் இணைப்பின் நிலை, அதாவது எதுவரை வந்தது, எது பாக்கி என்ற விவரம், நினைவகத்தில் ஓரிடத்தில்தான் இருக்கிறது. அடுத்தடுத்த பாக்கெட்டுகளைப் பல கோர்கள் தொட்டால் அந்த விவரம் ஒரு கேஷிலிருந்து இன்னொன்றுக்கு இடையறாமல் கைமாறும். ஒரு நேரத்தில் ஒரு கோரை மட்டும் உள்ளே விடும் பூட்டுக்காகக் காத்திருக்கும் நேரம் அதற்கு மேல்.

எனவே பங்கீட்டின் அலகு பாக்கெட் அல்ல, ஓட்டம். ஒரே அனுப்புநர் ஐபி, பெறுநர் ஐபி, அனுப்பும் போர்ட், பெறும் போர்ட், ஒரே நெறிமுறை கொண்ட பாக்கெட்டுகள் எல்லாம் ஓர் ஓட்டம். ஓட்டத்தை உடைக்கக் கூடாது, ஓட்டங்களைப் பரப்பலாம். இந்தத் துறையின் பெரும்பாலான ஏற்பாடுகளும் பெரும்பாலான ஏமாற்றங்களும் இந்த ஒரு விதியிலிருந்தே கிளைக்கின்றன.

கார்டு எப்படிப் பிரிக்கிறது: ஆர்எஸ்எஸ்

செய்தியோடைக்கும் இதே மூன்றெழுத்துப் பெயர் உண்டு. இதற்கும் அதற்கும் தொடர்பில்லை. இங்கே ஆர்எஸ்எஸ் என்பது பெறும் பக்கத்தைப் பல கோர்களுக்கு விரிக்கும் முறை. மைக்ரோசாஃப்ட் வகுத்த இம்முறை, விண்டோஸ் சர்வர் 2003-க்காக 2006-ல் வெளியிடப்பட்ட கூடுதல் தொகுப்பு ஒன்றின் மூலம் புழக்கத்துக்கு வந்தது. கார்டு தயாரிப்பாளர்கள் எல்லோரும் பின்பற்றியதால், லினக்ஸிலும் பிஎஸ்டி வகை இயங்குதளங்களிலும் வன்பொருள் செய்வது அதே கணக்குதான்.

1. பாக்கெட்டின் தலைப்பிலிருந்து கார்டு நான்கு புலங்களை எடுக்கிறது. ஐபி நான்காம் பதிப்பில் முகவரிகள் இரண்டும் போர்ட்கள் இரண்டும் சேர்ந்து 12 பைட், ஆறாம் பதிப்பில் 36 பைட்.
2. 40 பைட் நீளமுள்ள ரகசியச் சாவி ஒன்றை டிரைவர் முன்கூட்டியே கார்டில் ஏற்றியிருக்கும். உள்ளீட்டின் ஒவ்வொரு பிட்டையும் பார்த்து, அது 1 ஆக இருந்தால், சாவியில் அதே இடத்திலிருந்து தொடங்கும் 32 பிட்களை எடுத்து இதுவரை வந்த விடையோடு எக்ஸ்ஆர் (பிட்கள் வேறுபட்டால் 1, ஒன்றானால் 0) செய்கிறது. 0 என்றால் தாண்டிப்போகிறது.
3. முடிவில் கிடைப்பது 32 பிட் ஹாஷ், அதாவது ஒரே ஓட்டத்துக்கு எப்போதும் ஒரே மாதிரி வரும் சுருக்க எண். அதன் கடைசி 7 பிட்களைக் கொண்டு 128 கட்டங்கள் உள்ள ஓர் அட்டவணையில் ஒரு கட்டத்தைத் தேர்கிறது. புதிய கார்டுகளில் அட்டவணை இதைவிடப் பெரிது.
4. அந்தக் கட்டத்தில் எழுதியிருக்கும் எண்தான் வரிசை எண்.

இந்த ஹாஷுக்கு டோப்லிட்ஸ் என்று பெயர். ஜெர்மானியக் கணிதர் ஓட்டோ டோப்லிட்ஸின் பெயரிலான அணி வகையை ஒத்திருப்பதால் வந்தது. சாவி ஏன் சரியாக 40 பைட் என்பதற்கும் விடை மேலேயே இருக்கிறது. 36 பைட் உள்ளீட்டின் கடைசி பிட்டிலிருந்தும் 32 பிட் ஜன்னல் கிடைக்க வேண்டும், 36-உடன் 4 பைட் சேர்ந்தால் 40.

ஹாஷை வரிசைகளின் எண்ணிக்கையால் நேராக வகுத்து மீதியை எடுக்காமல் நடுவே அட்டவணை ஒன்றை வைத்ததுதான் இந்த வடிவமைப்பின் சாமர்த்தியம். ஒரு கோர் அதிகம் திணறினால் 128 கட்டங்களில் அதன் பெயரில் உள்ள சிலவற்றை மட்டும் வேறு வரிசைக்கு மாற்றி எழுதினால் போதும், மற்ற ஓட்டங்கள் இருந்த இடத்திலேயே இருக்கும். வகுத்து மீதி எடுத்திருந்தால், வரிசை ஒன்று கூடினாலும் ஏறக்குறைய எல்லா ஓட்டங்களும் இடம்பெயர்ந்திருக்கும். ஒரு கோரை முழுவதுமாகப் பயன்பாட்டுக்கு ஒதுக்கிவைக்க விரும்புபவர்களும் இந்த அட்டவணையில்தான் கைவைக்கிறார்கள்.

சாவி ரகசியமாக இருக்க வேண்டியதும் முக்கியம். மைக்ரோசாஃப்ட் ஆவணத்தில் மாதிரியாகக் கொடுத்த சாவியையே பல டிரைவர்கள் நெடுநாள் அப்படியே பயன்படுத்தின. சாவி தெரிந்தவருக்கு, எல்லாமே ஒரே வரிசையில் விழும்படி போர்ட்களைப் பொறுக்கியெடுத்து அனுப்புவது கடினமல்ல. குறைந்த செலவில் ஒரு கோரை மட்டும் மூழ்கடித்துவிடலாம். லினக்ஸ் பிற்பாடு ஒவ்வொரு இயந்திரத்துக்கும் சீரற்ற சாவியை உண்டாக்கித் தரும் பொது ஏற்பாட்டைக் கொண்டுவந்தது.

விவரத்தாளில் போட்டிருக்கும் எண் ஏமாற்றுவதும் இந்த இடத்தில்தான். இன்டெலின் 82599 என்ற நெட்வொர்க் சிப்பில் பெறும் வரிசைகள் 128. ஆனால் அதன் ஆர்எஸ்எஸ் அட்டவணையின் ஒவ்வொரு கட்டமும் 4 பிட் அகலம்தான், ஆர்எஸ்எஸ் மூலம் எட்ட முடிவது 16 வரிசைகள். மற்றவை மெய்நிகர் இயந்திரங்களுக்கும் வேறு வகைப் பிரிப்புகளுக்கும் உரியவை.

இன்டரப்ட் யாருக்குப் போகிறது?

வளையங்கள் பல இருந்தால் போதாது, ஒவ்வொன்றும் தனித்தனிக் கோரை எழுப்ப வேண்டும். பழைய பிசிஐ முறையில் ஒரு கார்டுக்கு நான்கு இன்டரப்ட் கம்பிகள்தான், அவையும் மற்றக் கார்டுகளோடு பங்கு. தனிக் கம்பி இல்லாமல் செய்தியாகவே இன்டரப்ட் அனுப்பும் எம்எஸ்ஐ முறை அதை 32 வரை உயர்த்தியது. எம்எஸ்ஐ-எக்ஸ் 2048 வரை அனுமதித்து, ஒவ்வொன்றையும் தனித்தனியாக வேறுவேறு கோருக்குத் திருப்பவும் வழி செய்தது. பல வரிசை கார்டுகள் நடைமுறைக்கு வந்ததற்கு ஆர்எஸ்எஸ் எவ்வளவு காரணமோ, அவ்வளவு காரணம் எம்எஸ்ஐ-எக்ஸும்.

எந்த இன்டரப்ட் எந்தக் கோருக்கு என்பதை முடிவு செய்வது இயங்குதளம். லினக்ஸில் ஒவ்வொரு இன்டரப்ட் எண்ணுக்கும் அது எந்தெந்தக் கோர்களுக்குப் போகலாம் என்று குறிக்கும் ஒரு பிட் முகமூடி உண்டு. ஐஆர்க்யூபேலன்ஸ் என்ற பின்னணிச் சேவை வழக்கமாகப் பத்து விநாடிக்கு ஒருமுறை நிலவரம் பார்த்து இவற்றை மாற்றியமைக்கும். பொதுவான சர்வருக்கு அது போதும். பாக்கெட் வேலையே பிரதானமான இயந்திரத்தில் அதை நிறுத்திவிட்டு, வரிசைக்கு ஒரு கோர் என்று கையால் கட்டிவைப்பவர்களே அதிகம். காரணம் நியாயமானது: இன்டரப்ட் இடம் மாறும் ஒவ்வொரு முறையும் சூடான கேஷ் வீணாகிறது.

இரண்டு சாக்கெட் சர்வரில், அதாவது இரண்டு பிராசஸர் பொருத்திய சர்வரில், இன்னொரு கவனமும் தேவை. கார்டு பொருத்தப்பட்ட ஸ்லாட் ஏதாவது ஒரு பிராசஸரோடுதான் நேரடியாக இணைந்திருக்கும். வளையங்களின் நினைவகமும் அவற்றைக் காலி செய்யும் கோர்களும் அதே பக்கத்தில் இருப்பது நல்லது. மறுபக்கத்துக் கோர்களையும் சேர்த்து எண்ணிக்கையைக் கூட்டினால் வேகம் குறைந்த அனுபவமே பலருக்கும்.

கார்டில் வரிசை இல்லாவிட்டால்: மென்பொருளில் பிரிப்பது

ஒரே வரிசை கார்டுகளுக்காக லினக்ஸ் 2.6.35-ல், 2010-ல், ஆர்பிஎஸ் வந்தது. அப்போது கூகுளில் இருந்த டாம் ஹெர்பர்ட் எழுதியது. பாக்கெட்டை வாங்கும் கோர் ஹாஷை மட்டும் கணக்கிட்டு, மேற்கொண்டு செய்ய வேண்டிய டிசிபி, ஐபி வேலையை வேறொரு கோரின் காத்திருப்புப் பட்டியலில் போட்டுவிட்டு நகர்ந்துவிடும். வாங்கும் வேலை இன்னமும் ஒரே கோருக்குத்தான், ஆனால் அதன் முதுகில் இருந்த மூட்டை பெருமளவு இறங்கிவிடுகிறது.

அதே வெளியீட்டில் வந்த ஆர்எஃப்எஸ் இன்னும் ஒரு படி மேலே போகிறது. ஆர்எஸ்எஸும் ஆர்பிஎஸும் குருட்டாம்போக்கில் ஒரு கோரைத் தேர்கின்றன. தரவைப் படிக்கப்போகும் நிரல் வேறெங்கோ ஓடிக்கொண்டிருக்கலாம். நிரல் ஓர் இணைப்பிலிருந்து படிக்கும் ஒவ்வொரு தடவையும், 'இந்த ஹாஷுக்குரிய நிரல் இந்தக் கோரில் இருக்கிறது' என்று ஆர்எஃப்எஸ் குறித்துவைக்கிறது. அடுத்த பாக்கெட் அங்கேயே போகும்.

நிரல் வேறு கோருக்கு நகர்ந்தால்? உடனே மாற்றினால், பழைய கோரின் பட்டியலில் தேங்கியிருக்கும் பாக்கெட்டுகளைப் புதியவை முந்திவிடும். வரிசைக்கிரமப் பிரச்சினை, வேதாளம் மறுபடி முருங்கை மரம் ஏறிய கதையாக, திரும்ப வந்துவிடும். எனவே அந்த ஓட்டத்தின் கடைசிப் பாக்கெட் பழைய பட்டியலில் எந்த இடத்தில் நின்றது என்பதையும் கெர்னல் நினைவில் வைத்திருக்கிறது. அந்த இடம் காலியாகும்வரை மாற்றாமல் பொறுத்திருக்கிறது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் இந்தத் துறையில் வேலை எங்கே ஒளிந்திருக்கிறது என்று காட்டுவதற்கு இதைவிட நல்ல உதாரணம் இல்லை.

அனுப்பும் பக்கம்

பெறும் பக்கத்தைப் பற்றியே எல்லோரும் பேசுகிறார்கள். அனுப்பும் பக்கத்தில் சிக்கலின் முகம் வேறு. இங்கே எந்தக் கோர் வேண்டுமானாலும் எப்போது வேண்டுமானாலும் பாக்கெட் கொண்டுவரலாம். ஒரே வளையம் இருந்தால் ஒரே பூட்டு, அந்த வாசலில் அத்தனை கோர்களும் முண்டியடிக்கும்.

லினக்ஸில் அனுப்பும் பக்கப் பல வரிசைக்கான முதல் ஆதரவு 2.6.23-ல் வந்தது. ஆனால் பாக்கெட்டுகளுக்கு முறை வைக்கும் அடுக்கு, அதாவது கியூடிஸ்க், கார்டுக்கு ஒன்றாகவே இருந்தது. கீழே எத்தனை வாசல் இருந்தும் மேலே ஒரே வாசல். 2008-ல் வந்த 2.6.27-ல் டேவிட் மில்லர் இதைத் திருத்தியமைத்து, ஒவ்வொரு அனுப்பும் வரிசைக்கும் தனிப் பூட்டும் தனிக் கியூடிஸ்க்கும் அமைய வழி செய்தார். இன்று பல வரிசை கார்டை இயக்கியதும் எம்க்யூ என்ற பெயரில் ஒரு பொம்மைத் தலைமையும் அதன் கீழே வரிசைக்கு ஒரு குழந்தைக் கியூடிஸ்க்கும் தானாக அமைவது இதன் தொடர்ச்சி.

எந்த வரிசையில் போடுவது? எக்ஸ்பிஎஸ், 2011-ல் 2.6.38-ல் சேர்ந்தது, கோர்களுக்கும் அனுப்பும் வரிசைகளுக்கும் ஓர் இணைப்பை வைத்திருக்கிறது. கோருக்கு ஒரு வரிசை என்று அமைந்தால் பூட்டுக்கு யாரும் காத்திருக்க வேண்டாம். இன்னொரு லாபமும் உண்டு. அனுப்பி முடித்த செய்தியைக் கார்டு இன்டரப்ட் மூலம் சொல்லும்போது, பாக்கெட்டின் நினைவகத்தை விடுவிக்கும் வேலை அதை உண்டாக்கிய கோருக்கே வருகிறது. இங்கும் வரிசை மாறுவதற்கு ஒரு கட்டுப்பாடு: ஓர் இணைப்பில் அனுப்பியதெல்லாம் ஒப்புகை பெற்ற பிறகு மட்டுமே, வேறு வரிசைக்கு மாறலாம் என்று டிசிபி சம்மதக் கொடி காட்டும்.

வேகக் கட்டுப்பாடு வைக்கும்போது இந்த ஏற்பாடு குலைகிறது. ஒரு வாடிக்கையாளருக்கு மொத்தம் இத்தனை மெகாபிட்தான் என்று வேக வரம்பு வைக்கும் எச்டிபி என்ற கியூடிஸ்க் கொண்டு வரம்பு கட்டினால், மொத்தக் கணக்கை ஓரிடத்தில் வைத்தாக வேண்டும். ஓரிடம் என்றால் ஒரு பூட்டு. பல வரிசை கார்டில் எச்டிபியை உச்சியில் மாட்டிவிட்டு ஏன் மெதுவாகிறது என்று தேடுபவர்கள் தேட வேண்டிய இடம் கார்டு அல்ல.

எங்கெல்லாம் இது கைகொடுக்காது

1. ஒரே ஓட்டம். ஒரு பெரிய கோப்பை ஒரே டிசிபி இணைப்பில் அனுப்பினால் ஒரே வரிசை, ஒரே கோர். எத்தனை வரிசை கூட்டினாலும் அந்த இணைப்பு வேகமாகாது. ஒற்றை இணைப்பை வைத்து வேகச் சோதனை செய்துவிட்டுப் பல வரிசை வேலை செய்யவில்லை என்று முடிவுகட்டுவது தவறான பரிசோதனை.

2. சில ஓட்டங்கள். 8 வரிசைகளில் 8 ஓட்டங்கள் ஆளுக்கு ஒன்றாக அமைந்துவிடும் என்று மனம் கணக்குப் போடும். ஹாஷ் நன்றாகச் சிதறினாலும் அப்படி அமைய வாய்ப்பு 0.24 சதவீதம்தான். சராசரியாக 2.75 வரிசைகள் காலியாகக் கிடக்கும். 4 ஓட்டங்கள் மட்டும் இருந்தாலும் ஏதாவது இரண்டு ஒரே வரிசையில் மோத 59 சதவீத வாய்ப்பு. ஆயிரக்கணக்கான ஓட்டங்கள் இருந்தால்தான் பங்கீடு சமன்படும். அப்போதும் ஓட்டங்களின் எண்ணிக்கைதான் சமன்படும், கனம் அல்ல.

3. சுரங்கம். ஒரு பாக்கெட்டை இன்னொன்றுக்குள் பொதிந்து அனுப்பும் ஜிஆர்இ, பிபிபிஓஇ, ஐபிசெக் போன்றவற்றில் உள்ளே ஆயிரம் ஓட்டங்கள் இருந்தாலும், உள்ளே பார்க்கத் தெரியாத கார்டுக்கு வெளித் தலைப்பு ஒன்றுதான். எல்லாம் ஒரே வரிசையில் குவியும். 2014-ல் வெளியான, இன்னொரு சுரங்க முறையான விஎக்ஸ்லானின் விவரணை இதை முன்கூட்டியே யோசித்தது. உள்ளிருக்கும் சட்டகத்தின் ஹாஷிலிருந்து வெளி யுடிபி அனுப்பும் போர்ட்டை உண்டாக்கும்படி அது பரிந்துரைக்கிறது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கும் ஓட்டங்கள் வேறுவேறாகத் தெரியும்.

4. யுடிபி. பல டிரைவர்களில் யுடிபிக்கு முகவரிகள் மட்டுமே ஹாஷில் சேரும், போர்ட்கள் சேராது. கவனக்குறைவால் அப்படி விடவில்லை. பெரிய யுடிபி செய்தி துண்டுகளாக உடையும்போது முதல் துண்டில் மட்டுமே போர்ட் எண் இருக்கும். போர்ட்டையும் சேர்த்தால் முதல் துண்டு ஒரு வரிசைக்கும் மற்றவை வேறு வரிசைக்கும் போய்விடும். துண்டுகளே வராத இடத்தில், டிஎன்எஸ் போன்ற சின்னப் பாக்கெட் சேவைகளில், போர்ட்டைச் சேர்க்கச் சொல்லி கார்டின் அமைப்புகளைப் பார்க்கவும் மாற்றவும் உதவும் ஈத்டூல் என்ற கட்டளை கொண்டு மாற்றுவது பெரிய பலன் தரும்.

5. இருதிசை வேலை. பயர்வால் வழியாகப் போகும் பாக்கெட்டும் பதிலாக வரும் பாக்கெட்டும் ஒரே இணைப்பு, ஆனால் அனுப்புநரும் பெறுநரும் இடம் மாறியிருப்பதால் ஹாஷ் வேறு, கோரும் வேறு. இணைப்பின் நிலையை இரண்டு கோர்கள் மாறிமாறித் தொடுகின்றன. இதற்கு ஒரு அழகான தந்திரம் உண்டு. 16 பிட் எண் ஒன்றையே திரும்பத் திரும்ப எழுதிச் சாவியை அமைத்தால் போதும். முகவரிகள் ஒன்றுக்கொன்று 32 பிட் தள்ளியும் போர்ட்கள் 16 பிட் தள்ளியும் இருப்பதால், இடம் மாறினாலும் சந்திக்கும் சாவித் துண்டு ஒன்றேதான். இரு திசைக்கும் ஒரே ஹாஷ். ஓபன்பிஎஸ்டி இயங்குதளம், டிராகன்ஃப்ளை பிஎஸ்டியைப் பின்பற்றி, இந்தச் சமச்சீர் டோப்லிட்ஸைத்தான் எடுத்துக்கொண்டது. சாவியின் சீரற்ற தன்மை இதில் வெகுவாகக் குறைகிறது என்பது அதன் விலை.

வரிசை கூடினால் நல்லதுதானே?

இல்லை. ஒரு வளையத்தில் 1024 பதிவுகள், பதிவுக்கு 2 கிலோபைட் இடம் என்று வைத்தால் ஒரு வரிசைக்கு 2 மெகாபைட். 64 வரிசைக்கு 128 மெகாபைட். நினைவகத்துக்கு அது ஒன்றுமில்லை, ஆனால் கேஷுக்கு அது மலை. மேலும், அதே அளவு போக்குவரத்து அதிக வரிசைகளில் சிதறும்போது ஒவ்வொரு சுற்றிலும் அள்ளக் கிடைக்கும் பாக்கெட்டுகள் குறைந்து இன்டரப்ட்டுகள் கூடும். நாப்பியின் லாபமே மொத்தமாக அள்ளுவதில்தான் இருந்தது. கார்டு இணைந்திருக்கும் சாக்கெட்டின் கோர்களைத் தாண்டாத எண்ணிக்கையில் தொடங்குவது பொதுவாகப் பாதுகாப்பு.

மெய்நிகர் இயந்திரத்தில் இன்னொரு அடுக்கு சேர்கிறது. மெய்நிகர் இயந்திரம் பார்க்கும் மென்பொருள் கார்டான விர்ட்ஐஓ நெட்வொர்க் கார்டுக்கு லினக்ஸ் 3.8-ல், 2013-ல், பல வரிசை வந்தது. ஆனால் அதைத் தாங்கி இயக்கும் வெளி இயந்திரத்தின் (ஹோஸ்ட்) அமைப்பில் வரிசை எண்ணிக்கையைச் சொல்லியிருந்தால்தான் உள்ளே தெரியும். உள்ளே இருந்துகொண்டு ஒரே வரிசைதான் தெரிகிறது என்று திகைப்பவர்கள் வெளியே கேட்க வேண்டும்.

கோளாறு எங்கே என்று பார்க்கும் முறை

1. ஈத்டூலில் சிறிய எழுத்து எல் தெரிவு, கார்டு தரக்கூடிய வரிசைகளையும் இப்போது இயங்கும் வரிசைகளையும் காட்டும். இரண்டும் வேறாக இருந்தால் தொடங்க வேண்டிய இடம் அதுதான்.

2. கெர்னலின் இன்டரப்ட் பட்டியலை ஒரு விநாடி இடைவெளியில் இரண்டு முறை பாருங்கள். எல்லா வரிசைகளும் ஒரே கோரின் நெடுவரிசையில் ஏறுகின்றன என்றால், பிரிப்பு நடக்கிறது, ஒதுக்கீடு நடக்கவில்லை. ஒரே ஒரு வரிசை மட்டும் ஏறுகிறது என்றால், கார்டால் ஓட்டங்களைப் பிரிக்க முடியவில்லை. சுரங்கமா, ஒற்றை இணைப்பா என்று பார்க்க வேண்டும்.

3. கெர்னல் தரும் சாஃப்ட்நெட் புள்ளிவிவரக் கோப்பில் கோருக்கு ஒரு வரி, எண்கள் பதினாறடிமானத்தில் இருக்கும். இரண்டாம் எண் கூடினால், கோரின் காத்திருப்புப் பட்டியல் நிரம்பிப் பாக்கெட் விழுகிறது. மூன்றாம் எண் கூடினால், ஒரு முறைக்கு 300 பாக்கெட் என்ற வழக்கமான வரம்போ நேர வரம்போ தீர்ந்து வேலை பாதியில் நிற்கிறது. கார்டே கைவிடும் பாக்கெட்டுகள் இங்கே வராது, ஈத்டூலின் கார்டு கணக்குகளில்தான் வரும்.

4. வரிசைகளின் எண்ணிக்கையை மாற்றினால் பெரும்பாலான டிரைவர்கள் வளையங்களைக் கலைத்துப் புதிதாக அமைக்கும், இணைப்பு ஒரு கணம் அறுபடலாம். இன்டரப்ட் எண்களும் மாறிவிடக்கூடும். முன்பு கையால் கட்டிவைத்த கோர் ஒதுக்கீடு அப்போது அர்த்தமிழந்துவிடும், எனவே எண்ணிக்கையை மாற்றியவுடன் இரண்டாம் படிக்குத் திரும்பி மறுபடி பார்க்க வேண்டும்.